ஓபெத்தை 24/96இல் கேட்கிறேன், 320 எம்பி3யோடு வித்தியாசமே தெரியவில்லை. எங்கே தப்பு?

ஏழுக்கு_எட்டு:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. ஒரு விஷயம் இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

கல்லூரி நாளிலிருந்து நான் கேட்பது பெரும்பாலும் ப்ரோக்ரசிவ் மெட்டல்தான். ஓபெத், போர்க்குபைன் ட்ரீ, ட்ரீம் தியேட்டர், டூல், மெஷுகா, இப்படியான இசைக்குழுக்கள். எல்லாமே ஹாஸ்டலில் பென் டிரைவ் வழியாகக் கைமாறி வந்த 128 எம்பி3 (நொடிக்கு 128 கிலோபிட்டுக்குச் சுருக்கிய கோப்பு, எண் பெரிதானால் இழப்பு குறைவு). அதில் கேட்டு வளர்ந்த காது. இப்போது கையில் நாலு காசு இருக்கிறது, இத்தனை வருடம் நமக்குத் துணையாக இருந்த இசையை ஒரு தடவையாவது ஒழுங்காகக் கேட்போம் என்று ஒரு டாங்கிள் டிஏசி (போனில் சொருகி டிஜிட்டல் கோப்பை ஒலியாக மாற்றும் சின்னக் கருவி), கொஞ்சம் நல்ல ஐஇஎம் (காதுக்குள் அடைக்கும் இயர்போன்), ஹை-ரெஸ் (சிடியைவிடப் பெரிய எண் உள்ள கோப்பு) சந்தா, அப்புறம் ஆறேழு ஆல்பங்களை ஃப்ளாக்காகவே (எதையும் இழக்காமல் சுருக்கிய கோப்பு) விலைக்கு, எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய் போட்டு வாங்கினேன்.

முதல் நாள் ராத்திரி ஓபெத்தின் "டாம்னேஷன்" ஆல்பம் போட்டேன். சொக்கிப்போனேன். மறுநாள் போர்க்குபைன் ட்ரீயின் "அனெஸ்தடைஸ்", பதினேழரை நிமிடம், டிரம்மர் கேவின் ஹாரிசன் ஹை-ஹேட்டில் செய்கிற சின்னச் சின்ன வேலை எல்லாம் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். அந்த 24/96 (24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்; சிடி என்றால் 16/44.1) கோப்பையே 320 எம்பி3யாக மாற்றி வைத்துக்கொண்டு, என் மனைவியை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டேன். பத்துக்கு ஐந்து. இன்னொரு பத்து, அதிலும் ஆறுதான். பழைய 128 கோப்பு மட்டும் உடனே தெரிந்துவிடுகிறது, சிம்பல் எல்லாம் தண்ணீருக்குள் தட்டுவது மாதிரி சலசலக்கிறது. ஆனால் 320க்கும் 24/96க்கும் நடுவே எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

வயது 36. காது போய்விட்டதா, டிஏசி போதவில்லையா, இல்லை போன் உள்ளே ஏதாவது கெடுக்கிறதா? இன்னும் பெரிய டிஏசி வாங்கினால் தெரியுமா? அதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்றுதான்.

---

ஒலிப்பெட்டி:

தம்பி, முதலில் அந்தப் பெரிய டிஏசியை வாங்காதீர்கள். உங்கள் காதில் தப்பில்லை, டாங்கிளிலும் தப்பிருக்க வாய்ப்பு குறைவு. பன்னிரண்டு வருடமாக மிக்ஸிங் வேலை பார்க்கிறேன். நல்ல என்கோடரில் (எம்பி3 ஆக்கும் மென்பொருளில்) போட்ட 320ஐயும் ஃப்ளாக்கையும் முக்கால்வாசி மெட்டல் பாட்டில் என்னாலும் பிரிக்க முடியாது. உங்களுக்கு வந்த பத்துக்கு ஐந்துதான் ஒழுங்காகச் சோதித்தால் பெரும்பாலானவர்களுக்கு வரும்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எண்களைக் காட்டிப் பணம் பிடுங்குவது அதிகம். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் என்றால் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள சத்தம் முழுசாக அதற்குள் அடங்கும். 96 என்றால் 48 வரை. மனிதக் காது சின்ன வயதிலேயே 20ஐத் தாண்டாது, முப்பத்தாறில் 16, 17 இருந்தாலே நல்ல காது. சரி, மெட்டலில் 20க்கு மேலே அப்படி என்னதான் இருக்கிறது? டிஸ்டார்ஷன் கிதாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 12 அங்குல கேபினட் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து மைக்கில் ஏறுகிறது. மெட்டல்காரர்கள் பாதிப் பேர் பயன்படுத்தும் செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு அந்தக் கம்பெனியே போட்டிருக்கும் அளவு 70 முதல் 5000 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே சரசரவென்று இறங்கிவிடும். அப்படி இறங்குவதால்தான் அது கிதாராகக் கேட்கிறது, ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பிலிருந்து நேராக எடுத்தால் தேனீக்கூட்டம் மாதிரி இருக்கும். ஆக அந்தச் சுவர் மாதிரியான கிதார் ஒலியில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தேடுவதற்கு ஒன்றுமில்லை. சிம்பலில் மட்டும் உண்டு. அதுவும் காதுக்கு எட்டாத இடத்தில்.

24 பிட் கணக்கும் இப்படித்தான். 16 பிட்டில் உச்சச் சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே கிட்டத்தட்ட 96 டெசிபல் இடைவெளி, 24இல் ஏட்டளவில் 144. நீங்கள் உச்சத்தில் 95 டெசிபல் சத்தத்தில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 16 பிட்டின் இரைச்சல் சுழியத்துக்கும் கீழே போய்விடுகிறது. அதை எந்தக் காதும் கேட்காது. ரெக்கார்டிங்கில் 24 பிட் இல்லாமல் நான் வேலையே செய்ய மாட்டேன், டிரம்மர் திடீரென்று ஓங்கி அடித்தாலும் உடையாமல் இருக்கத் தாராளமாக இடம் விட்டு எடுக்கலாம். முடிந்த பாட்டைக் கேட்பதற்கு அந்த இடம் தேவையில்லை.

2007இல் மேயர், மோரன் என்ற இரண்டு பேர் ஹை-ரெஸ் ஒலியை நேராகவும், நடுவில் 16/44.1 வழியாகத் திருப்பிவிட்டும் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். 554 முறை. சரியாகச் சொன்னது 49.8 சதவீதம், காசைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். 2016இல் ஜாஷுவா ரைஸ் என்பவர் அதுவரை வந்த பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது 52.3 வந்தது, பயிற்சி பெற்றவர்களிடம் 60க்கும் கூடுதல். அதனால் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதினெட்டாயிரம் ரூபாயும் இரண்டு வாரத் தூக்கமும் அதில் இல்லை.

அப்படியானால் முதல் நாள் ராத்திரி ஏன் சொக்கிப்போனீர்கள்? மாஸ்டரிங், அதாவது மிக்ஸ் முடிந்த பாட்டுக்குக் கடைசியாகச் சத்தமும் சமநிலையும் வைக்கும் வேலை. நல்ல ஐஇஎம். இந்த இரண்டும்தான். "டாம்னேஷன்" மிக்ஸ் செய்தவர் ஸ்டீவன் வில்சன், அவர் மூச்சு விட இடம் விட்டு மிக்ஸ் செய்கிறவர். இன்னொரு பக்கம் மெட்டாலிகாவின் "டெத் மேக்னெட்டிக்", 2008. சிடியை டிஆர் மீட்டரில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளப்பது, எண் குறைந்தால் நசுக்கியது) போட்டால் 3 காட்டும். எடிட்டரில் அலைவடிவத்தைத் திறந்து பார்த்தால் மேலும் கீழும் மழித்துவிட்ட மாதிரி தட்டையாக, முழுக்க ஒரே செங்கல். கிக் டிரம் விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முனை இருக்க வேண்டிய இடத்தில் நேர்கோடு ஓடும். ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நீளம்தான், ஆனால் அந்த இடத்தில்தான் அடியின் கூர்மை இருந்தது, அது வெட்டப்பட்டுவிட்டது. அதே ஆல்பம் கிட்டார் ஹீரோ விளையாட்டில் அவ்வளவு நசுக்காமல் வந்தது, ரசிகர்கள் விளையாட்டிலிருந்து ஒலியைப் பிரித்தெடுத்துக் கேட்டார்கள். நசுக்கிய மாஸ்டரை 24/192இல் கொடுத்தாலும் நசுங்கியது நசுங்கியதுதான்.

ஓபெத்திலேயே உதாரணம் இருக்கிறது. "டெலிவரன்ஸ்" 2002இல் ஆண்டி ஸ்னீப் மிக்ஸில் வந்தது. 2015இல் அதே ரெக்கார்டிங்கை ப்ரூஸ் சூர்ட் மறுபடி மிக்ஸ் செய்தார். இரண்டையும் சாதாரண சிடி தரத்திலேயே போட்டுக் கேளுங்கள். தலைப்புப் பாட்டின் கடைசி நிமிடங்களில் அந்த ஒரே ரிஃப் திரும்பத் திரும்ப வருமே, அங்கே கிக்கும் கிதாரும் எப்படி ஒட்டுகிறது, எப்படி விலகுகிறது என்று மட்டும் கவனியுங்கள். எது பிடிக்கிறது என்பது உங்கள் விருப்பம், ஆனால் வித்தியாசம் தெரிய மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்காது. பெரிய எண்ணைத் தேடாதீர்கள், நல்ல மாஸ்டரைத் தேடுங்கள்.

---

நெல்லை_ரிஃப்:

ஒலிப்பெட்டி அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் போன் கெடுக்கிறதா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான்.

ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலான போன்களில் எல்லா ஒலியும் சிஸ்டத்தின் மிக்ஸர் வழியாகப் போகும், வழக்கமாக அது 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் அனுப்பும். நீங்கள் 24/96 போட்டாலும் டாங்கிளுக்குப் போய்ச் சேர்வது 48ஆக இருக்கலாம். இதைத் தாண்ட யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி சொந்த டிரைவர் உள்ள ஆப் வேண்டும். ஆண்ட்ராய்டு 14இலிருந்து யுஎஸ்பி வழியாக மாற்றாமல் அனுப்பும் வசதி சிஸ்டத்திலேயே வந்திருக்கிறது, ஆனால் ஆப்பும் அதைப் பயன்படுத்த வேண்டும். டாங்கிளில் விளக்கு இருந்தால் நிறம் மாறுகிறதா பாருங்கள், சிலவற்றில் சாம்பிள் ரேட்டுக்கு ஒரு நிறம் இருக்கும்.

ப்ளூடூத்தில் கேட்டால் இந்தப் பேச்சே வேண்டாம். ப்ளூடூத்தில் உயர்தரம் என்று சொல்லப்படும் எல்டாக் முறையே உச்சமாக 990 கேபிபிஎஸ். சிடியே 1411. சிக்னல் கொஞ்சம் தடுமாறினால் 660, 330 என்று இறங்கிவிடும். பஸ்ஸில் போகும்போது கேட்க அது போதும், சோதனைக்கு ஆகாது.

அப்புறம் ஈக்வலைசர், "டால்பி", "பாஸ் பூஸ்ட்" எல்லாவற்றையும் அணைத்திருக்கிறீர்களா? என் தம்பி மூன்று மாதம் அதை ஆன் செய்தே வைத்துக்கொண்டு ஓபெத்தில் பேஸ் மங்கலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். விலைக்கு வாங்கிய ஃப்ளாக்கையும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒரு தடவை திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றால் அது எம்பி3யை ஃப்ளாக் ஆக்கி விற்றது. எனக்கு ஒரு கடையில் அப்படி ஒன்று வந்தது, ஸ்பெக் படத்தை அனுப்பியதும் பேசாமல் பணத்தைத் திருப்பிவிட்டார்கள்.

---

பழைய_கேசட்:

எல்லாரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அறையைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் ஊர் வீட்டில் ஃபேன் ஓடாத நேரம் எது? ஃபேன் இருக்கும் அறையில் 40, 45 டெசிபல் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். தெருவில் வண்டி, பக்கத்து வீட்டில் மிக்ஸி. ப்ரோக் மெட்டலின் பாதி உயிர் அமைதியான இடங்களில்தான் இருக்கிறது, அந்த அமைதியை ஃபேன் தின்றுவிடுகிறது. போன மே மாதம் ஒரு ராத்திரி பதினொன்றரைக்குக் கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரியில் "டாம்னேஷன்" ஓடிக்கொண்டிருந்தது, முதல் பாட்டு "விண்டோபேன்", காதில் பழைய ஹெட்போன், கோப்பு வெறும் 16/44.1. ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. நின்ற பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. கிதார் தந்தியில் விரல் வழுக்கும் சத்தம், ஸ்நேரின் அடிக்கம்பிகள் தொடாமலே லேசாக அதிர்வது, ஒரு சுரம் தேய்ந்து தேய்ந்து மறைகிற வால். இருபது வருடமாகக் கேட்ட ஆல்பம். வியர்த்துக் கொட்டிக்கொண்டே முழுசாகக் கேட்டேன், கரண்ட் வந்தபோது ஃபேனைப் போட மனசு வரவில்லை. அன்றைக்கு நான் ஒரு ரூபாய் செலவு செய்யவில்லை.

2009இல் ஐஐடி மெட்ராஸ் சாரங் விழாவுக்கு ஓபெத் வந்தபோது நான் அங்கே இருந்தேன். திறந்தவெளி, கூட்டம், தூசி. ஒலியின் தரம் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை. ஆனால் ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்த இசை சட்டென்று ஒற்றைக் கிதாராக இறங்கும்போது அவ்வளவு பெரிய கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் உடம்பில் இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் ரெக்கார்டிங்கில் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஐஇஎம் போடுகிறீர்கள் என்றால் சரியான அளவு ரப்பர் முனை போட்டு அடைத்துக்கொள்ளுங்கள், வெளிச் சத்தம் குறைந்தால் வால்யூமைக் கூட்ட வேண்டிய தேவையே வராது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான், சத்தம் கூடக் கூட நேரம் வேகமாகக் குறையும். என் இடது காதில் ஆறு வருடமாக ஒரு விசில் நிற்காமல் ஓடுகிறது. சின்னப் பையன்கள் இதைப் படித்தால் தயவுசெய்து வால்யூமைக் குறையுங்கள்.

---

யாழ்_ஸ்நேர்:

நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில் இருக்கிறேன். டிரம்ஸ் வாசிக்கிறவன். ஒலிப்பெட்டி சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை.

320ஐயும் லாஸ்லெஸையும் (ஃப்ளாக் மாதிரி எதையும் இழக்காதது) பிரிக்கவே முடியாது என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எம்பி3யின் பலவீனம் திடீர் அடி. அடிக்கு முன்னாலேயே மெல்லிய ஒரு தூசி மாதிரிச் சத்தம் வரும், ப்ரீ-எக்கோ என்பார்கள். வெறும் அமைதிக்குள் ஒரு ரிம்-ஷாட் விழும் இடம், தனியாக ரைட் சிம்பலின் மணியைத் தட்டும் இடம், இப்படியான இடங்களை ஐந்து விநாடிக்கு வெட்டி எடுத்துத் திருப்பித் திருப்பிக் கேட்டால் எனக்குச் சில வேளை பிடிபடுகிறது. சிம்பலோடு வாழ்கிற காது என்பதால் இருக்கலாம். முழுப் பாட்டாகக் கேட்டால் எனக்கும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 16/44.1க்கும் 24/96க்கும் நடுவே நான் எத்தனையோ தடவை முயன்றும் ஒன்றும் பிடிபட்டதில்லை.

ஆனால் மாஸ்டருக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது, என்ன ரெக்கார்ட் செய்தார்கள் என்பது. ட்ரீம் தியேட்டரின் "இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்", 1992. நான் டிரம்ஸ் பக்கம் வந்ததே அதைக் கேட்டுத்தான். அதில் டிரம்மர் மைக் போர்ட்னாயின் ஸ்நேருக்கு ட்ரிகர் (அடித்ததும் முன்பே பதிந்த ஒலியை எழுப்பும் கருவி) போட்டார்கள், தயாரிப்பாளரின் முடிவு, போர்ட்னாய்க்கு அது பிடிக்கவில்லை என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். கை மென்மையாகத் தட்டியதும் ஓங்கித் தட்டியதும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிக் கேட்கும். கை செய்த அந்த வித்தியாசம் டேப்பிலேயே மறைந்த பிறகு 192 கிலோஹெர்ட்ஸ் அதை எங்கிருந்து கொண்டுவரும்? மெஷுகாவின் "கேட்ச் தர்ட்டி-த்ரீ" இன்னும் ஒரு படி மேலே, 2005, டிரம்ஸ் முழுக்கக் கணினியில் நிரல் எழுதியது. அப்படியிருந்தும் அது நான் உயிராக நேசிக்கிற ஆல்பம்.

அந்த ஆல்பத்தை வைத்தே லாஸ்லெஸ் ஏன் வேண்டும் என்றும் சொல்லலாம். அது 47 நிமிட ஒரே பாட்டு, 13 துண்டாக வெட்டியிருக்கிறார்கள். எம்பி3 கோப்பின் தலையிலும் வாலிலும் என்கோடர் கொஞ்சம் வெற்றிடம் சேர்க்கும், பிளேயருக்கு அதைக் கழிக்கத் தெரியாவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கு நடுவிலும் ஒரு சின்ன விக்கல். ரிஃப் நடுவில் விக்கினால் தாளம் போச்சு, மெஷுகாவில் தாளம் போனால் என்ன மிச்சம். ஃப்ளாக்கில் சாம்பிள் கணக்குக் குறையாமல் அப்படியே இருப்பதால் ஒட்டு தெரியாது. பிளேயரில் கேப்லெஸ் (இடைவெளி இல்லாமல் ஓட்டுவது) ஆன், கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க அடுத்தது எழுவது) ஆஃப். "சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி", பிட்வீன் தி பரீட் அண்ட் மீயின் "கலர்ஸ்" இரண்டுக்கும் இதே கதை. எனக்கு லாஸ்லெஸ் வைத்திருக்க இது ஒன்றே போதும்.

---

ஏழுக்கு_எட்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நெல்லை_ரிஃப், டால்பி ஆன் ஆகத்தான் இருந்தது. அணைத்துவிட்டேன். வாங்கிய கோப்புகளை ஸ்பெக்கில் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன.

இரண்டு சந்தேகம். முதலாவது, சந்தாவில் ஒரே ஆல்பம் மூன்று நான்கு பதிப்பாகக் கிடக்கிறது, எது நசுக்காத மாஸ்டர் என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டாவது, யாழ்_ஸ்நேர் அண்ணா சொன்ன மாதிரித் துண்டு துண்டாக வெட்டி ஒழுங்காகச் சோதிக்க வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்? மனைவியை இனிமேல் உட்கார வைக்க முடியாது.

---

ஒலிப்பெட்டி:

யாழ்_ஸ்நேர் சொன்னது சரி, ப்ரீ-எக்கோவை நான் விட்டுவிட்டேன். தனி அடிகளில் அது பிடிபடும்.

மாஸ்டர் விஷயம்: "ரீமாஸ்டர்" என்று போட்டிருந்தால் நல்லது என்று எண்ண வேண்டாம், பல ரீமாஸ்டர்கள் பழையதைவிடச் சத்தமாக நசுக்கியவை. "ரீமிக்ஸ்" என்றால் தனித்தனி டிராக்கிலிருந்து மறுபடி கட்டியது, அதில் மீட்க வாய்ப்பு உண்டு. ரஷ்ஷின் "வேப்பர் டிரெய்ல்ஸ்" 2002இல் தாங்க முடியாத சத்தத்தில் வந்தது, 2013இல் டேவிட் பாட்ரில் முழுசாக ரீமிக்ஸ் செய்த பிறகுதான் அந்தப் பாட்டுகளுக்குள் என்ன இருந்தது என்றே பலருக்குத் தெரிந்தது. ரஷ் மெட்டல் இல்லை, ஆனால் நாம் இங்கே பேசும் எல்லாருக்கும் மூத்தவர்கள். ஆல்பம் வாரியாக டிஆர் அளவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் பட்டியல்கள் உண்டு, வாங்கும் முன் தேடிப் பாருங்கள். வினைல் பதிப்புக்குப் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அது தானாகவே கூடுதலாகக் காட்டும்.

சோதனை: கணினியில் ஃபூபார்2000 என்ற பிளேயர், அதில் ஏபிஎக்ஸ் கம்பேரட்டர் என்ற சேர்ப்பு. எது எது என்று சொல்லாமல் மாற்றிப் போட்டு, ஒலிப்பது இரண்டில் எது என்று உங்களைக் கேட்கும். 24/96 கோப்பிலிருந்து நீங்களே 16/44.1 ஃப்ளாக்கும் 320 எம்பி3யும் செய்துகொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் இரண்டு பதிப்பை ஒப்பிட்டால் மாஸ்டரே வேறாக இருக்கும், எதைக் கேட்டு எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது. ரீப்ளேகெய்னால் சத்தத்தைச் சமமாக்குங்கள், அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் "தெளிவு" என்று சொல்லும். 16 தடவை. 12 அல்லது அதற்கு மேல் வந்தால் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

---

ஏழுக்கு_எட்டு:

நான்கு நாள் ஆயிற்று, முடிவோடு வந்திருக்கிறேன். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் செய்தேன்.

24/96க்கும் 16/44.1க்கும்: 16க்கு 7. "அனெஸ்தடைஸ்" முழுசாக, 24/96க்கும் 320க்கும்: 16க்கு 9. அதிலேயே ஹை-ஹேட் தனியாக வரும் ஐந்து விநாடித் துண்டு: 16க்கு 11, ஒன்றில் தவறிவிட்டது, நாளைக்கு இன்னொரு தடவை செய்வேன். பழைய 128க்கு 16க்கு 16.

அப்புறம் "டெலிவரன்ஸ்" இரண்டு மிக்ஸும் சத்தத்தைச் சமமாக்கிக் கேட்டேன். அதற்கு ஏபிஎக்ஸ் தேவையே படவில்லை. கடைசி ரிஃப் மட்டும் எட்டுப் பத்துத் தடவை மாறி மாறிக் கேட்டேன். புதியதில் கிக் டிரம் கிதாருக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது, அந்த இடைவெளியில் பேஸ் தனியாக நடக்கிறது. இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் பேஸ் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பழையதில் ஒரு கரகரப்பும் கோபமும் இருக்கிறது, ஹாஸ்டல் ஞாபகத்தாலா என்று தெரியவில்லை, அதையும் அழிக்க மாட்டேன்.

ஹை-ரெஸ் சந்தாவை நிறுத்திவிட்டு, அந்தக் காசில் மாதம் ஒரு ஆல்பம் சிடியாகவோ 16/44.1 ஃப்ளாக்காகவோ வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். முதலில் "கேட்ச் தர்ட்டி-த்ரீ". யாழ்_ஸ்நேர் அண்ணா, போனில் கேப்லெஸ் ஒழுங்காக ஓடும் ஆப் எது என்று மட்டும் சொல்லுங்கள், என்னுடையதில் ஐந்தாவது துண்டுக்கும் ஆறாவதுக்கும் நடுவே இன்னும் விக்குகிறது.